செங்காங்குக்கு வந்த மஞ்சள் புருவக்காரன்

எனக்குப் பறவைகள்மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள் என்று பலதுறை மருந்தகத்தில் சொன்னார்கள். நடந்தேன். சும்மா நடந்தால் அலுப்பாக இருந்தது. செங்காங் ஆற்றோரத்தில் ஏழெட்டுப் பேர் கழுத்து வலிக்க ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன ஏது என்று நானும் நின்று பார்த்தேன். கோவிந்தசாமி அண்ணே, நீங்கள் தலைவராக இருக்கிற செங்காங் சிறகு வட்டத்தில் நான் சேர்ந்த கதை இவ்வளவுதான்.

என்னிடம் விளக்கம் கேட்டு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் ஆங்கிலத்தில் இருந்தது. பதிலைத் தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதுங்கள், மற்ற உறுப்பினர்களுக்கு நம் செயலாளர் யும்னா மொழிபெயர்த்துவிடுவார் என்றீர்கள். நன்றி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. காலைப் பசியாறிவிட்டு, இஞ்சித் தேநீர் ஒரு குவளை குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷம் எல்லைச் சோதனைச்சாவடியில் உட்கார்ந்து, கடப்பிதழில் இருக்கிற முகத்தையும் எதிரே நிற்கிற முகத்தையும் ஒத்துப் பார்த்தவள். மூக்கு மாறும், தாடை தொங்கும், முடி கொட்டும், சிலருக்குத் திடீரென்று முளைக்கவும் செய்யும். காது மாறாது. நான் காதைப் பார்ப்பேன். என் கையெழுத்து விழுந்த ஒரு தாள்கூட அந்த முப்பத்தொரு வருஷத்தில் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

பறவையும் அப்படித்தான். முழுதாகப் பார்த்தால் குழம்பிப்போவோம். ஒரே ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும். நம் பிரச்சினைக்குரிய பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஈப்பிடிப்பான் வகை. சிட்டுக்குருவியைவிடச் சிறியது. எடை பன்னிரண்டு கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சீனி. வடக்கே குளிர் நாட்டுக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் அக்டோபரில் தெற்கே போகிற வழியில் நம் ஊரில் சில நாள் தங்கிப் போகும். காட்டுப் புத்தி உள்ள பறவை என்பதால் கிளை நுனியில் வந்து உட்கார்ந்து காட்சி தராது. மரத்தின் நடுவில், இலை மறைவில் இருக்கும். திடீரென்று பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கிளைக்குப் போய்விடும். ஆணுக்கு முதுகு கறுப்பு, தொண்டையும் வயிறும் மஞ்சள், வாலுக்கு மேலே இடுப்பிலும் மஞ்சள், இறக்கையில் வெள்ளைத் திட்டு. கண்ணுக்கு மேலே புருவம் ஒன்று இருக்கும். அந்தப் புருவம் வெள்ளையாக இருந்தால் அவன் வருஷா வருஷம் வந்து போகிற சாதாரண ஆள். மஞ்சளாக இருந்தால் அவன் ஜப்பான் பக்கத்துக்காரன், அவனுடைய இனமே வேறு. வழி தவறினால் ஒழிய அவன் இங்கே வர மாட்டான். வந்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் எட்டாம் தேதி, காலை ஏழு நாற்பதுக்கு, எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே உள்ள பெரிய மரத்தில் நான் மஞ்சள் புருவக்காரனைப் பார்த்தேன். தனியாகத்தான் பார்த்தேன். கேமரா இல்லை. நான்கு நிமிஷம் பார்த்தேன். வட்டத்தின் படிவத்தை வாங்கி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதினேழு நாள் கழித்து 'ஏற்கப்படவில்லை' என்று பதில் வந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'பார்வைப் பிழையாக இருக்கலாம்' என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

பதிவுகளைச் சரிபார்க்கிற பொறுப்பு ரமீஸிடம் இருந்தது. நல்ல பிள்ளை. முப்பத்துநாலு வயது, தஞ்சோங் பகாரில் கணினி வேலை. தன் கேமரா லென்ஸைப் பச்சைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். படிவத்தோடு நிறுத்தாமல், என்னைக் காப்பிக்கடைக்குக் கூப்பிட்டு, எனக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்து, நேரில் விளக்கினார்.

"ஆன்ட்டி, ஃபார்ம் ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க லா. ஆனா ஃபோட்டோ இல்ல, வேற யாரும் பார்க்கவும் இல்ல. புருவம் வெள்ளையாத்தான் இருந்திருக்கும். வெயில் பட்டா மஞ்சளாத் தெரியும்."

"அன்னைக்கு வெயிலே இல்ல தம்பி."

"அப்ப மேகமா இருந்ததால அப்படித் தெரிஞ்சிருக்கும்."

இப்படி ஒரு மனிதரிடம் என்ன பேசுவது. ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு வட்டத்தில் எனக்கு 'மஞ்சள் ஆன்ட்டி' என்று பெயர் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் என் முகத்துக்குப் பட்டையாக மஞ்சள் புருவம் வரைந்து ஒரு ஸ்டிக்கர் உலவியது. அதைச் செய்தது யும்னாதான் என்று எனக்குத் தெரியும். யும்னா, மொழிபெயர்க்கும்போது இந்த வரியை விட்டுவிடாதே. யாராவது சந்தேகமான எதையாவது பார்த்தேன் என்று போட்டால் உடனே நான்கு பேர் என் முகத்தை அனுப்புவார்கள். ஒருவர் வீட்டு ஏசி மேல் மைனா உட்கார்ந்திருப்பதாகப் போட்டதற்குக்கூட என் முகம் வந்தது. வட்டத்தின் தீபாவளி ஒன்றுகூடலில் எனக்கு மஞ்சள் புடவை பரிசாக வந்தது. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். நல்ல புடவை, கட்டவும் செய்தேன்.

"விடு கண்மணி, ஒரு குருவிதானே," என்றார் என் கணவர் மாணிக்கம். அவருக்குப் புரியவில்லை. குருவி எக்கேடு கெட்டால் எனக்கென்ன. நான் பார்த்தேன் என்று சொன்னதை, நீ பார்க்கவில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அது என்னைத் தின்றது. இரண்டு வருஷமும் அந்த மரத்தடிக்குப் போய் நின்றேன். வெள்ளைப் புருவக்காரர்கள்தான் வந்தார்கள்.

இனி இந்த வருஷம் நடந்தது.

அக்டோபர் மூன்றாம் தேதி, காலை ஆறு ஐம்பது. எங்கள் மாடியில் மின்தூக்கிக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடி உண்டு. அதில் 'டப்' என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஈப்பிடிப்பான் ஆண் ஒன்று தரையில் உட்கார்ந்திருந்தது. அலகு லேசாகத் திறந்திருந்தது, கண் கிறங்கியிருந்தது. வலசை வருகிற பறவைகள் கண்ணாடியில் தெரிகிற வானத்தை நிஜம் என்று நம்பி இப்படி மோதிக்கொள்ளும். புருவம் அரிசி மாவால் கோடு இழுத்த மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது.

வட்டத்தின் விதிப்படி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். மாணிக்கத்தின் புதுச் சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டு, துண்டு விரித்து, அதை உள்ளே வைத்து மூடினேன். தண்ணீர் ஊட்டவில்லை. இருட்டில் அரை மணி நேரம் ஓய்வெடுத்தால் தானாகத் தெளிந்துவிடும். பெட்டியை அடுப்படி மேடையில் வைத்தேன். பக்கத்தில் விரலி மஞ்சள் இருந்தது. முந்தின நாள் லிட்டில் இந்தியாவுக்குப் போனபோது, வெள்ளிக்கிழமை பூஜைக்காக பஃபலோ ரோட்டில் வாங்கியது. திட்டம் போட்டு யாரும் வாங்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளைக் கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு இழைத்தேன். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஆரத்தி மாதிரி சிவந்துவிடும். அதனால் சேர்க்கவில்லை. கொலு பொம்மைகளுக்கு நிறம் தொட்டு வைக்கிற மெல்லிய தூரிகை ஒன்று இருந்தது. பறவையைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, இரண்டு புருவத்துக்கும் தடவினேன். மணப்பெண்ணுக்கு நலுங்கு வைக்கிற நேரம்கூட ஆகவில்லை. இடது புருவம் சற்றே தடித்துவிட்டது. எனக்குத் திருப்தியில்லை, ஆனால் திருத்தினால் இன்னும் கெடும் என்று விட்டுவிட்டேன்.

வேலை நடக்கும்போது அது என்னைப் பார்த்தது. குற்றம் சாட்டுகிற பார்வை என்று நீங்கள் சொல்லலாம். பெட்டியைத் திறக்கச் சொன்னால் சோதனைச்சாவடியில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். கண்ணுக்குள் ஒரு துளிகூடப் படவில்லை. அதற்கு வலிக்கவும் இல்லை. மெல்ல ஊதிக் காய வைத்து, கீழே கொண்டுபோய் மரத்தடியில் பெட்டியைத் திறந்தேன். சிட்டாகப் பறந்து நடுக்கிளையில் உட்கார்ந்துகொண்டது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். படம் தெளிவாக இல்லை, புருவம் மட்டும் தெளிவாக இருந்தது. குழுவில் போட்டேன்.

முதல் பதிலாக என் முகம் வந்தது. இரண்டாவதும் என் முகம். மூன்றாவது ரமீஸ். 'ஆன்ட்டி அங்கயே நில்லுங்க' என்று போட்டிருந்தார்.

தஞ்சோங் பகாரிலிருந்து டாக்ஸி பிடித்து, அலுவலகச் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்து இறங்கினார். லென்ஸைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆன்ட்டி," என்றார். "ஐயோ ஆன்ட்டி. அவன்தான் ஆன்ட்டி."

ஒரு விஷயத்தை அப்போதே கவனித்தேன். அவர் முகத்தை மட்டும்தான் பார்த்தார். சாதாரண வெள்ளைப் புருவக்காரனுக்கு, மடக்கிய இறக்கையில் திட்டுக்குக் கீழே இன்னொரு வெள்ளைக் கோடு நீண்டு ஓடும். ஜப்பான்காரனுக்கு அது இராது. நம் வட்டத்தின் கையேட்டில் படத்தோடு இருக்கிறது, எழுதியதே ரமீஸ்தான். இறக்கையைப் பார்த்திருந்தால் அரை நொடியில் பிடித்திருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் கவுன்ட்டரிலும் சிலர் முகத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்துவார்கள், அவர்களைக் கோப்பு அடுக்க அனுப்பிவிடுவோம்.

மத்தியானத்துக்குள் அறுபது பேர். சாயங்காலம் நூற்றிருபது. எல்லை தாண்டி ஜொகூரிலிருந்து ஒரு வேன் வந்தது. இரண்டு புளோக் தள்ளியிருக்கிற காப்பிக்கடைக்காரர் ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் சேர்த்து 'மஞ்சள் புருவ செட்' என்று பலகையில் எழுதி வைத்தார். பறவை நன்றாகத் தின்றது, பறந்தது, இரண்டு தரம் பாடவும் செய்தது. அதற்கு எந்தக் குறையும் இல்லை.

மறுநாள் அத்தனை பேர் முன்னாலும் ரமீஸ் ஒரு சிமெண்ட் நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கண்மணி ஆன்ட்டி இவனைப் பார்த்துட்டாங்க. நான்தான் நம்பல. ஃபோட்டோ கேட்டேன். ஆன்ட்டி, என்னை மன்னிச்சிடுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். யும்னா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பதவி உயர்வு கிடைத்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. பறவையும் ஓரிரு நாளில் தெற்கே போய்விடும், காரியம் சுபமாக முடியும் என்று நினைத்தேன்.

பறவை போகவில்லை. அதற்குச் செங்காங் பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் மழையில் நனைந்து, வலது புருவம் வெளுத்துவிட்டது.

ரமீஸுக்குச் சந்தேகம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு ஞானம் வந்தது. இது கலப்பினம் என்றார். ஒரு புருவம் அப்பா வழி, ஒரு புருவம் அம்மா வழி என்றார். உலகத்தில் யாரும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். அதை மட்டும் நானும் ஒத்துக்கொள்கிறேன். ஜப்பானில் இருக்கிற ஒரு பேராசிரியருக்கு மூன்று பக்கம் மின்னஞ்சல் எழுதினார். அனுப்புமுன் என்னிடம் படித்துக் காட்டினார், ஆங்கிலம் நன்றாக இருந்தது. இரண்டு வாரம் லீவு போட்டார். ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத்தில் 'என் வாழ்நாளின் பறவை' என்ற தலைப்பில் பேசப் போவதாக அறிவித்தார்.

ஒரு பக்கம் வெளுத்ததை வைத்தே இவ்வளவு தூரம் போகிறவர், இரண்டு பக்கமும் வெளுத்தால் என்ன ஆவார். அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. இரக்கத்தினால்தான் அடுத்ததைச் செய்தேன்.

பறவையை மறுபடி பிடிக்க முடியாது. ஆனால் குளிக்க வரும். சமூகத் தோட்டத்தில் சேரை என்கிற எலுமிச்சைப்புல் புதருக்குப் பின்னால் என் பழைய நீலப் பிளாஸ்டிக் பேசினை வைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி மஞ்சள் தூள் கரைத்தேன். தினமும் சாயங்காலம் தண்ணீரைக் கொட்டி, பேசினைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். தேங்கின தண்ணீரில் கொசு முட்டையிடும், அதற்கு அபராதம் உண்டு. நான் சட்டத்தை மீறுகிறவள் அல்ல.

நம் பறவை அழகாக வந்து குளித்தது. புருவத்தில் மஞ்சள் மறுபடி ஏறியது. சிக்கல் என்னவென்றால், கூப்பிடாதவர்களும் குளித்தார்கள். குண்டுக்கரிச்சானுக்கு இறக்கையில் இருக்கிற வெள்ளைப் பட்டை மஞ்சளாகிவிட்டது. தையல்சிட்டுக்கு வயிறு மஞ்சள். புறா ஒன்று முழுசாக உட்கார்ந்து ஊறி, பட்டாணிப் பருப்பு நிறத்தில் எழுந்து போனது. புளோக் கீழே எல்லோரும் சோறு வைக்கிற வெள்ளைப் பூனை, புறாவைப் பிடிக்கப் போய்ப் பேசினுக்குள் விழுந்து, நான்கு காலும் மஞ்சளாக அலைந்தது. அம்மன் கோயிலில் மஞ்சள் நீராட்டு முடிந்து வந்த மாதிரி இருந்தது.

ரமீஸ் ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். சாப்பாடு தூக்கம் மறந்தார். இது ஒரு பறவையின் விஷயம் அல்ல, காற்றிலோ மண்ணிலோ ஏதோ மாறியிருக்கிறது, அந்த மாற்றம் செங்காங்கில் ஆரம்பித்திருக்கிறது என்று வரைபடம் போட்டார். யும்னா அதற்கு ஒன்பது பக்க அறிக்கை தயாரித்தார். பூனைக்கு மட்டும் இருபத்திரண்டு படம். இந்தக் கட்டத்தில் எனக்கு லேசான சங்கடம் ஏற்பட்டது என்பதைப் பதிவு செய்கிறேன்.

சனிக்கிழமை, உரைக்கு முந்தின நாள் காலை, பறவை மறுபடியும் அதே கண்ணாடியில் மோதியது. இந்தத் தடவை ரமீஸ் அங்கேயே நின்றிருந்தார். நான் எட்டுவதற்குள் அவர் அதைக் கையில் எடுத்துவிட்டார். உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் அதன் தலையை மெல்ல வருடினார். பெட்டியில் வைத்தார். முக்கால் மணி நேரத்தில் தெளிந்து, ஜம்மென்று பறந்து போனது.

பறவையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது நம் வட்டத்தின் விதி. போன வருஷம் அந்த விதியைக் கொண்டுவந்தவளே நான்தான். தோட்டத்துக் குழாயடியில் சோப்பும் நான் வாங்கி வைத்ததுதான். ரமீஸ் கை கழுவினார். கட்டைவிரல் சிவந்தது.

சுண்ணாம்பை யோசித்தவள் சோப்பை யோசிக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்.

வேறு யாராக இருந்திருந்தாலும் கை கீறிவிட்டது, ரத்தம் என்று பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போயிருப்பார்கள். ரமீஸ் தண்ணீரைத் திறந்துவிட்டபடி விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் வெள்ளைச் சட்டையில சால்னா பட்டுச்சுன்னா, உம்மா சோப்புப் போடும்போது இப்படித்தான் ஆகும்," என்றார்.

நான் குழாயை மூடினேன்.

"ஆன்ட்டி, இது மஞ்சள்."

"ஆமா தம்பி."

"சமையல் மஞ்சளா?"

"முதல்ல விரலி மஞ்சள். அப்புறந்தான் தூள்."

அவர் குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அந்தப் பூனை?"

"அது தானா வந்து விழுந்துச்சு. அதுக்கு நான் பொறுப்பில்ல."

"ஜப்பானுக்கு மெயில் போட்டுட்டேனே ஆன்ட்டி. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டீங்களே."

"பூசணிக்காய் எங்க இருந்துச்சு, மொத்தமே பன்னிரண்டு கிராம். நீங்க இறக்கையைப் பார்த்திருக்கணும் தம்பி."

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் அப்படியே செத்துப்போனது. "பார்த்திருக்கணும்," என்றார். "ஏன் ஆன்ட்டி இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டார். "நீங்க நம்பல," என்றேன். அவர் சோப்பை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். மேடையில் நின்று, வந்தது சாதாரண வெள்ளைப் புருவக்காரன், நான்தான் இறக்கையைப் பார்க்காமல் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றார். மஞ்சள் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் நேரே என்னைப் பார்த்தார். நான் முன்வரிசையில், அந்த மஞ்சள் புடவையில் உட்கார்ந்திருந்தேன். "தெரியல," என்றார். பொறுப்பிலிருந்து விலகினார். மூன்று பேர் அவர்தான் சாயம் பூசியிருப்பார் என்று என் காதுபடவே பேசினார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை.

அன்றிலிருந்து மூன்று வாரமாக அவர் மரத்தடிக்கு வரவில்லை. லென்ஸை விற்கப் போவதாக யும்னா சொன்னார். அதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் அழுதேன். மாணிக்கம் என்னவோ ஏதோ என்று பயந்து சர்க்கரை சோதிக்கிற கருவியை எடுத்து வந்தார். அந்தப் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானாக இருந்தால் காட்டிக்கொடுத்திருப்பேன். அதுதான் என்னைக் குடைகிறது.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். பறவைக்குப் புருவம் பூசியது நான். பேசின் வைத்தது நான். கரிச்சான், தையல்சிட்டு, புறா எல்லாம் என் வேலை. பூனையைப் பாதி என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ரமீஸுக்கு இதில் எதுவும் தெரியாது. அவரை மறுபடி அதே பொறுப்பில் உட்கார வையுங்கள், இனிமேல் அவரைப் போல இறக்கையைப் பார்க்கிற ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். என்னை வட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள். என் உறுப்பினர் அட்டை இதோடு இருக்கிறது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கொடுத்த அந்த நான்கு பக்கத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். இந்த வருஷம் பொய் சொன்னவள்தானே என்று ஒதுக்காதீர்கள். அந்த உண்மையை யாரும் நம்பாததால்தான் இந்தப் பொய் தேவைப்பட்டது. பார்வைப் பிழை என்று எழுதியிருந்தீர்கள். என் பார்வையில் ஒரு பிழையும் இல்லை என்று கண் டாக்டர் கொடுத்த கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். போன வருஷம் மார்ச்சில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். நன்றாக முற்றின புரை, மூன்று நான்கு வருஷமாக இருந்திருக்கும் என்றார். எடுத்த பிறகு என் பார்வை அத்தனை துல்லியம். எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவரை சந்தன நிறம் என்று நினைத்து, அதற்குப் பொருத்தமாகத் திரைச்சீலையெல்லாம் வாங்கியிருந்தேன். மாணிக்கத்தின் தலை முழுக்க நரைத்திருந்தது. ஏதோ மருதாணி வைத்துக்கொள்கிறார் போல, வயசானாலும் ஆசை விடவில்லை பார் என்று நானாக எண்ணி, கேட்காமலே இருந்திருக்கிறேன். இவ்வளவு கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டு சொல்கிறேன், அன்று நான் பார்த்தது மஞ்சள் புருவம்தான். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை, ஏனென்றால் அன்று காலை எல்லாமே அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது. ஆற்றோரம் நின்ற கொக்குகூட அன்று மஞ்சளாகத்தான் இருந்தது. அதற்கும் ஒரு படிவம் எழுதிக் கொடுக்காமல் விட்டதுதான் நான் செய்த தப்பு.